பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு



உங்கள் வீட்டு வாசலில் நின்று ஒழுங்கையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். எதிர்வீட்டு மதிலுக்கும் உங்கள் மதிலுக்கும் இடையில் எத்தனை அடி இருக்கிறது? காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகத்தான் வேண்டும். ஏன் இப்படி ஆனது என்பது நமக்குத் தெரியாததல்ல. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடிப்பது நம் பகுதியின் வழக்கம். மூத்தம்மா தன் வளவை உம்மாவுக்கும் சாச்சிமாருக்கும் பிரித்தார். உம்மா தன் பங்கை எங்கள் மூன்று பேருக்கும் பிரித்தார். வளவு சிறுத்தது, வீடு கூடியது, பாதை ஒடுங்கியது. நம்மிடையே ஒழுங்கை என்பது வெறும் பாதையுமல்ல. பிள்ளைகள் விளையாடுவதும், ராத்தாவும் தங்கச்சியும் நின்று கதைப்பதும், நோன்புக் கஞ்சிக் கோப்பை வீட்டுக்கு வீடு போவதும் அங்கேதான்.

அப்படிப்பட்ட ஒரு ஒழுங்கையைத் தோண்டும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். இதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் ஒழுங்கையில் வடிகான் கட்ட ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஊர் எங்களுடையது. கார்த்திகை, மார்கழி மழைக்கு முற்றத்தில் நிற்கும் தண்ணீர் வடிய வழியிருக்காது. கான் வந்தால் அந்தத் தொல்லை தீரும் என்று தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துத்தான் அவர்களை வரவேற்றோம்.

ஒரு பக்க மதிலோரமாக நீளத்துக்கும் தோண்டினார்கள். எங்கள் மண் மணல் மண். தோண்டத் தோண்டக் கரை சரியும், அடியில் தண்ணீர் ஊறும். மூன்றடி ஆழத்துக்குத் தோண்டி, கம்பி கட்டி நிறுத்தினார்கள். அப்போதுதான் நாடு முழுவதும் நெருக்கடி முற்றியது. சீமெந்து விலை ஏறிக்கொண்டே போனது. டீசலுக்கு வரிசை. ஒருநாள் வேலையாட்கள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொந்தராத்துக்காரரைக் கேட்டால், "சாமான் வந்தால் முடிப்பம்" என்றார். பொறுப்பான அலுவலகத்தைக் கேட்டால் கொந்தராத்துக்காரரைக் கேட்கச் சொன்னார்கள். குழி அப்படியே கிடந்தது.

வேலை தொடங்கியபோது குழியின் இரு முனையிலும் சிவப்பும் வெள்ளையும் பூசிய பலகைகளை முக்காலியில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். நடுவில் கம்பு நட்டு, பிளாஸ்டிக் நாடா இழுத்திருந்தார்கள். விளக்கு என்று ஒன்றுமில்லை. நாடா ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. காற்று பாதியை அறுத்தது, பிள்ளைகள் மீதியை அறுத்தார்கள்.

பலகைகளுக்கு என்ன நடந்தது? சகோதரிகளே, இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வாசலுக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் கான் குழி. அதைக் கடந்துதான் வெளியே போகவேண்டும். வீட்டில் வயதான உம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். முனையில் நின்ற பலகையில் ஒன்றை நான்தான் மகனைக்கொண்டு எடுப்பித்து வாசலுக்குப் பாலமாகப் போட்டேன். மற்றதை எதிர் முனையில் உள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரம் அது ஒரு கெட்டித்தனமாகவே தெரிந்தது. வேலைதான் நின்றுவிட்டதே, சும்மா நிற்கும் பலகைதானே என்று நினைத்தேன்.

அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு வந்தது. மின்வெட்டு கொஞ்சம் குறைந்தாலும் நிற்கவில்லை. ஒரு இரவு, இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் மத்ரஸாவில் பெண்கள் தராவீஹ் தொழுதுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எட்டுப் பேருக்கு ஒரு டோர்ச். அதை வைத்திருந்தவர் முன்னால் போனார். உம்மா கடைசியில் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

எதிரே ஒரு ஆட்டோ வந்தது. வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. எல்லோரும் ஒதுங்கினோம். உம்மாவும் ஒதுங்கினார். அவர் கால் வைத்த இடத்தில்தான் குழியின் முனை. முன்பு அந்தப் பலகை நின்ற இடம் அதுதான்.

உம்மா கத்தவில்லை. "யா அல்லாஹ்" என்ற ஒரு சத்தம்தான் கேட்டது. மகளின் கையை அவர் கடைசி நொடியில் விட்டுவிட்டார். அதனால் பிள்ளை மேலே நின்றது. ஆட்டோக்கார தம்பி இறங்கி ஓடிவந்தார். கட்டி நிறுத்திய கம்பிகள் அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளியிருந்தன. அல்ஹம்துலில்லாஹ், உம்மா அதன்மேல் விழவில்லை. ஆனால் தொடை எலும்பு முறிந்திருந்தது. கதிரையொன்றில் இருத்தித்தான் குழியிலிருந்து தூக்கினார்கள். அப்போது உம்மாவுக்கு 71 வயது. ஒப்பரேஷன் முடிந்து பல மாதம் கட்டிலில் கிடந்தார். இன்று கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் வெளியே தராவீஹுக்குப் போவது அந்த இரவோடு நின்றுபோனது. அறுபது வருடப் பழக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவு, என் வாசலில் கிடந்த பலகையை டோர்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. மிதிபட்டுத் தேய்ந்திருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் உறவில் மௌலவி ஒருவர் இருக்கிறார். உம்மாவை நோய் விசாரிக்க வந்தபோது அவரிடம் கேட்டேன்: "மாமா, பாதையில் குழி தோண்டி ஒருவர் விழுந்தால் மார்க்கத்தில் யார் பொறுப்பு?" அவர் உடனே இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை எடுத்துப் பேசினார். ஹிஜ்ரி 676இல் வபாத்தான அந்த இமாம், நம் ஷாபிஈ மத்ஹபின் அந்த நூலில் இந்த மஸ்அலாவையே எழுதியிருக்கிறார்கள். ஒடுங்கிய பாதையில், போவோர் வருவோருக்குத் தொல்லை தரும்படி ஒருவர் குழி தோண்டினால், அதில் விழுந்தவருக்கான நட்டம் தோண்டியவர் மேல் வரும். அகன்ற பாதையாக இருந்து, யாருக்கும் தொல்லையில்லாமல், ஆட்சியாளரின் அனுமதியோடு தோண்டினால் சட்டம் வேறு. ஆனால் ஒடுங்கிய பாதையில் தொல்லை தரும் குழிக்கு அந்த அனுமதிகூடச் செல்லாது என்று விரிவுரை எழுதிய இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். மக்களுக்குத் தீங்கான ஒன்றுக்கு அனுமதி கொடுக்க ஆட்சியாளருக்கே உரிமையில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்தது. நாங்கள் முறையிடப் போன இடத்தில் சொல்லப்பட்ட பதில் என்ன தெரியுமா? "ஒழுங்கை ஒடுக்கம், வேலி அடைக்க இடமில்லை." ஒடுக்கம் என்பதை அவர்கள் சாட்டாகச் சொன்னார்கள். நம் இமாம்களோ ஒடுக்கம் என்பதாலேயே பொறுப்பு கூடுகிறது என்று ஏழு நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். அகன்ற வீதியில் குழியைக் கண்டால் விலகி நடக்க இடமுண்டு. ஒழுங்கையில் விலகினால் மதில், இல்லையென்றால் குழி. வேறு எங்கே போவது?

பிறகு தயங்கித் தயங்கி அடுத்த கேள்வியைக் கேட்டேன். "குழிக்கு வைத்த பலகையை எடுத்தவருக்கு?" மௌலவி என் முகத்தைப் பார்த்தார். சட்டம் சொல்லவில்லை. "முதலில உம்மாட்டப் போய் மன்னிப்புக் கேளு புள்ள" என்றார்.

கேட்டேன். உம்மா என் தலையைத் தடவி, "அந்தப் பலகையிலதானே புள்ள நானும் ஒவ்வொரு நாளும் நடந்தன்" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. குழி தோண்டியவர்கள் ஒரு பக்கம். அதைத் தினமும் பார்த்துக்கொண்டே, தன் வாசலை மட்டும் சரிசெய்துகொண்ட நாங்கள் ஒரு பக்கம்.

ஈமானுக்கு எழுபதுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டு, பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது அவற்றில் ஒன்று என்ற ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கே தெரியும். பாதையில் கிடந்த முட்கொப்பை அகற்றியவரை அல்லாஹ் மன்னித்தான் என்பதும் தெரியும். பாதையோரம் உட்கார்பவர்கள் பாதைக்கு அதன் ஹக்கைக் கொடுக்கவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, எண்ணிக்காட்டிய ஹக்குகளில் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் ஒன்று. இராக்கில் ஒரு கோவேறு கழுதை தடுக்கி விழுந்தாலும், பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று தன்னிடம் கேட்கப்படும் என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாகச் சிறுவயதிலிருந்து பயானில் கேட்டு வருகிறோம். முள்ளை எடுத்துப் போடுவது லேசான வேலை. தூக்கி எறிய முடியாத குழிக்கு என்ன செய்வது? அதைச் சுற்றி வேலி அடைப்பதும் விளக்கு வைப்பதும்தான் அதை "அகற்றுவது" என்று இப்போது எனக்குப் படுகிறது.

சட்டம் படிக்கும் என் மகள் இதைக் கேட்டுவிட்டு, இங்கிலாந்து வழக்கொன்றைச் சொன்னாள். 1956இல் லண்டனில் மின்சாரசபை வேலையாட்கள் நடைபாதையில் குழி தோண்டினார்கள். வேலி இல்லாததால், ஒரு நீண்ட கைப்பிடிச் சம்மட்டியைக் குறுக்கே சரித்து வைத்தார்கள். கண் தெரிந்தவருக்கு அது போதும். ஆனால் ஜோன் ஹேலி என்ற கண் தெரியாத மனிதர் வெள்ளைப் பிரம்போடு அந்த வழியே வந்தார். பிரம்பு சம்மட்டியில் படவில்லை. தடுக்கி விழுந்தவர் கேட்கும் சக்தியையும் இழந்தார். கீழ்க் கோர்ட்டுகள் அவருக்கு எதிராகத் தீர்த்தன. 1964இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. பாதையில் கண் தெரியாதவர்களும் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவர்களையும் நினைத்துத்தான் தடுப்பு வைக்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அந்நாட்டின் 1991ஆம் ஆண்டு வீதிவேலைச் சட்டம், தோண்டிய இடத்துக்குப் போதுமான தடுப்பும் வெளிச்சமும் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. அங்குள்ள நடைமுறை விதிகளில் அளவுகளே உண்டு. மேல் கம்பி ஒரு மீற்றரிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில். அதற்குக் கீழே தரையோடு ஒட்டினாற்போல், 15 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறையாத பலகை. அதன் அடி விளிம்பு தரையிலிருந்து 20 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கண் தெரியாதவரின் பிரம்பு அதில் தட்டும். நடப்பவருக்கு விடும் வழி ஒரு மீற்றருக்குக் குறையக்கூடாது.

அந்தக் கீழ்ப் பலகையை நினைத்துப் பாருங்கள். பிரம்பு தட்டும் உயரம்தான் தவழும் குழந்தை முட்டும் உயரமும். ஒற்றை நாடா இடுப்புயரத்தில் தொங்கினால், மூன்று வயதுப் பிள்ளை அதன் அடியால் ஓடிப்போகும். நாடா எச்சரிக்கும், தாங்காது. தடுப்பு என்றால் ஒருவர் சாய்ந்தாலும் தாங்கவேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உம்மா விழுந்தது வெறும் இருட்டினால் அல்ல, ஆட்டோவின் வெளிச்சத்தினால். கூசும் வெளிச்சம் முகத்தில் பட்டால் அதற்குப் பக்கத்தில் உள்ள இருட்டு இன்னும் இருளும். வயதானவர் கண் பழைய நிலைக்குத் திரும்பக் கூடுதல் நேரம் எடுக்கும். ஆகவே தெருவில் எங்கோ ஒரு கம்பத்தில் பல்பு எரிவது மட்டும் போதாது. குழியின் இரண்டு முனையிலும் தாழ்வாக, கண்ணில் அடிக்காத விளக்கு வேண்டும். தடுப்பில் வாகன வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி வேண்டும். சிலர் எங்களிடம், "இருட்டில் கறுப்பு அபாயாவோடு நடந்தால் விழத்தானே வேணும்" என்றார்கள். ஆட்டோக்காரருக்கு உம்மாவைத் தெரிந்தது. உம்மாவுக்குத்தான் குழி தெரியவில்லை. விளக்கு இல்லாதது குழிக்கு.

எங்கள் ஒழுங்கைப் பெண்கள் என்ன செய்தோம் தெரியுமா? மறுநாள் அஸருக்குப் பிறகு முதலில் என் பலகையை நானே தூக்கிக்கொண்டு போய் முனையில் நிறுத்தினேன். எதிர்வீட்டார் தங்களுடையதைக் கொண்டுவந்தார்கள். வாசலுக்குப் பாலமாகப் பழைய கதவொன்றைப் போட்டோம். கம்பு நட்டு, மேலும் கீழுமாக இரண்டு வரிசை தும்புக் கயிறு இழுத்தோம். பழைய ஸீடி தட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டோம். வெளிச்சம் பட்டால் அவை மின்னும். துருத்திய கம்பிகளின் நுனியில் வெறும் பிளாஸ்டிக் போத்தல்களைக் கவிழ்த்தோம். குழியின் விளிம்பு நெடுகச் சுண்ணாம்பு பூசினோம். மண்ணெண்ணெய்க்கே வரிசை நின்ற காலம் அது. அதனால் பகலில் வெயிலில் சார்ஜ் ஆகும் சின்ன விளக்குகள் இரண்டைக் காசு சேர்த்து வாங்கினோம். மஃரிபுக்கு முன் ஒரு வீட்டார் முறைபோட்டு எல்லாம் சரியா என்று பார்ப்பது என்று ஏற்பாடு. மார்கழி மழையில் குழியும் பாதையும் ஒரே தண்ணீராகக் கிடந்தபோது சுண்ணாம்பு கரைந்துபோனது, கம்புகள் மட்டும் நின்றன. எது பாதை, எது கான் என்று அந்தக் கம்புகள்தான் காட்டின. அந்தக் குழியில் பிறகு ஒருவரும் விழவில்லை. கானும் ஒருநாள் கட்டி முடிந்தது.

தண்ணீர் மூடிய பாதையின் ஆபத்தை நம் பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் புரண்டு அரபுக் கல்லூரி மாணவர்கள் வபாத்தானதை எந்த வீடு மறந்தது? அது வீதிவேலையால் வந்ததல்ல. ஆனால் விளிம்பு தெரியாத பாதை எப்படிப்பட்டது என்பதை அன்று கிழக்கு முழுவதும் அழுது அறிந்துகொண்டது. மழைக்காலத்துக்கு முன் மூடாத குழி ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட ஒரு விளிம்புதான்.

ஆனால் சகோதரிகளே, கயிறும் ஸீடியும் நாம் இயலாமையில் செய்தவை. செய்யவேண்டியவர் செய்யும்படி கேட்பதும் நம் கடமை. உங்கள் ஒழுங்கைக்கு வேலை வரும்போது முதல் நாளே கேளுங்கள். ஒரு நாளில் மூடக்கூடிய தூரத்தை மட்டும் தோண்டுவீர்களா? இரவில் என்ன தடுப்பு, என்ன விளக்கு? ஒவ்வொரு வாசலுக்கும் கைபிடியோடு பாலம் போடுவீர்களா? தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள்? சந்தூக்கைச் சுமந்து போக வழி இருக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நான்கு பேர் சந்தூக்கைத் தோளில் வைத்துப் போகும் அகலம் இருந்தால், பிரசவத்துக்குப் போகும் பெண்ணையும் அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கொந்தராத்து யாருக்கு, எவ்வளவு காசுக்கு, எப்போது முடியவேண்டும், தடுப்புக்கும் விளக்குக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று எந்தப் பிரஜையும் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்லவேண்டும். இதற்கு வீட்டு ஆம்பிளைதான் போகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கைப் பிழையில்லாமல் எழுதும் நமக்கு இதுவும் எழுத வரும்.

கடைசியாக, எனக்கு நானே சொல்லிக்கொள்வதை உங்களுக்கும் சொல்கிறேன். வேலை நின்றுபோன குழியின் பக்கத்தில் நிற்கும் பலகை சும்மா நிற்பதில்லை. இருட்டில் வரும் யாரோ ஒருவருடைய உம்மாவுக்காக அது நிற்கிறது. அதைத் தொடாதீர்கள். விழுந்து கிடந்தால் நிமிர்த்தி வையுங்கள். அதுவும் ஸதகாதான்.

இந்த வருட நோன்பில் உம்மா வாசல் கதிரையில் இருந்து, தராவீஹுக்குப் போகும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துப் போங்க புள்ளைகள்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பாதை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்னார்.

நம் பாதைகளில் நடக்கும் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. பாதையின் ஹக்கை நிறைவேற்றுபவர்களில் நம்மையும் சேர்ப்பானாக. ஆமீன்.